பள்ளத்தாக்குகளுக்கு விளக்கேற்றியவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தில் பிட்லாக்ரி என்று ஒரு சிற்றூர். அங்கே டம்மல் ஆற்றின் குறுக்கே ஓர் அணை. அதன் ஓரமாக, படிக்கட்டு போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக 34 தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் மீன், தண்ணீரின் வேகத்தை எதிர்த்துத் தொட்டி தொட்டியாக ஏறி, அணையைக் கடந்து மேலே போகிறது. நடுவில் மீன் இளைப்பாறவென்றே பெரிய தொட்டிகளும் உண்டு. அணையே வேண்டாம் என்று ஒரு காலத்தில் கொதித்த ஊர் அது. இன்று அந்த அணையையும் மீனையும் பார்க்கவே கூட்டம் வருகிறது. இப்படிப்பட்ட அணைகளுக்கு வழி திறந்த டாம் ஜான்ஸ்டனைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1881-இல் கிர்க்கின்டில்லாக் என்ற ஊரில் பிறந்தவர். 1906-இல் கிளாஸ்கோவில் 'ஃபார்வர்ட்' என்ற சோசலிச வார இதழைத் தொடங்கினார். 1915 கிறிஸ்துமஸ் நாளன்று, பிரிட்டனின் போர்த்தளவாட அமைச்சர் லாயிட் ஜார்ஜ் கிளாஸ்கோ தொழிலாளர்கள் முன் பேச வந்தார். கூட்டம் அவரைப் பேச விடாமல் கூச்சலிட்டது. மற்ற பத்திரிகைகள் அதைப் பூசி மெழுகின. ஜான்ஸ்டன் நடந்ததை நடந்தபடி அச்சிட்டார். அரசாங்கம் சில வாரங்களுக்கு இதழையே நிறுத்திவைத்தது. நிலப்பிரபுக் குடும்பங்களுக்கு அத்தனை நிலமும் எந்த வழியில் வந்தது என்று முப்பது வயதுக்கு முன்பே ஒரு நூல் எழுதியவர் அவர். அஞ்சுகிற ஆள் இல்லை.

1922-இல் நாடாளுமன்றம் போனார். அதற்குப் பிறகு வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. அதையெல்லாம் நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. நாம் பார்க்க வேண்டியது 1941 பிப்ரவரி. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துத் துறையை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்கிறார் பிரதமர் சர்ச்சில். ஜான்ஸ்டன் என்ன கேட்டார் தெரியுமா? தனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்து, இன்னும் உயிரோடிருக்கும் அமைச்சர்கள் அத்தனை பேரையும் கூட்டி ஓர் ஆலோசனை அவை அமைக்க வேண்டும். கட்சி பார்க்கக் கூடாது. அவர்கள் ஒருமித்துச் சொல்வதற்கு அரசு செவிசாய்க்க வேண்டும் என்றார். பதவிக்கு வந்ததும் முன்னவர் செய்ததையெல்லாம் புரட்டிப் போடுகிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இவரோ எதிர்த்து நின்றவர்களையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் செய்த காரியங்களிலேயே என் மனத்தை மிகவும் தொட்டது இதுதான்.

மருத்துவமனை விஷயத்தைச் சொல்கிறேன். குண்டுவீச்சில் காயம்படுவோருக்காக அவசர மருத்துவமனைகள் கட்டி வைத்திருந்தார்கள். 1941 மார்ச்சில் கிளைட்பேங்க் நகரம் குண்டு விழுந்து எரிந்தது, பெருஞ்சேதம். ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்குக் காயம்பட்டோர் வரவில்லை. படுக்கைகள் காலியாகக் கிடந்தன. மறுபுறம், சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஏழைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜான்ஸ்டன் அந்தப் படுக்கைகளை முதலில் கிளைட் ஆற்றுப் பகுதித் தொழிலாளர்களுக்கும், பிறகு காத்திருந்த மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார். போர் முடிவதற்குள் 30,000-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை கிடைத்தது. எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பிறந்ததோ 1948-இல்தான்.

இனி மின்சாரம். வட ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் மழைக்குக் குறைவில்லை. ஏரிக்கும் அருவிக்கும் குறைவில்லை. ஆனால் குடியானவர் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. வாழ வழியில்லாமல் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நீர்மின் திட்டம் ஒன்று 1936, 1937, 1938 என்று மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு வந்து மூன்று முறையும் தோற்றது. நிலம் வைத்திருந்தவர்கள், நிலக்கரி வைத்திருந்தவர்கள், இயற்கை அழகு போய்விடும் என்றவர்கள், எல்லோரும் குறுக்கே நின்றார்கள். ஜான்ஸ்டன் கூப்பர் பிரபுவின் தலைமையில் ஒரு குழு போட்டார். அதன் அறிக்கையை வைத்து 1943-இல் சட்டம் நிறைவேறியது. வட ஸ்காட்லாந்து நீர்மின் வாரியம் பிறந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. மின்சாரம் விற்பதோடு வாரியத்தின் வேலை முடியாது. அந்த வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக மேம்பாட்டுக்கும் அது துணைநிற்க வேண்டும். உபரி மின்சாரத்தைத் தெற்கே விற்று, அந்த வருமானத்தில் மலைமூலையில் தனித்து நிற்கும் வீட்டுக்கும் கம்பி இழுக்க வேண்டும். கணக்குப் பிள்ளை பார்த்தால் நஷ்டம் என்று சொல்லும் வீடு அது. அந்த வீட்டுக்கு விளக்கு போட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் உயிர்.

1945-இல் அவர் தேர்தலில் நிற்கவில்லை. பிரபுப் பட்டத்தையும் வேண்டாம் என்றார். மறு ஆண்டு அதே வாரியத்தின் தலைவராகி 1959 வரை இருந்தார். நீர்மின் திட்டங்களுக்காக மலையைக் குடைந்தவர்களில் உள்ளூர்க்காரர்களோடு அயர்லாந்துக்காரர்களும் போலந்துக்காரர்களும், போர்க்கைதிகளாக வந்த ஜெர்மானியரும் இருந்தார்கள். சுரங்கப் புலிகள் என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். பாறையை வெடிவைத்து உடைக்கும் வேலை. உயிரை விட்டவர்களும் உண்டு. முதல் பெரிய நிலையமான ஸ்லாய் 1950-இல் ஓடத் தொடங்கியது.

கடைசியாகக் குருவாகன் மலை. அதன் வயிற்றைக் குடைந்து உள்ளே மின்நிலையம் வைத்தார்கள். மின்தேவை குறைந்த நேரத்தில் கீழே உள்ள ஏரித் தண்ணீரை மலைமேல் உள்ள நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிற நிலையம். 1965 அக்டோபர் 15-ஆம் தேதி எலிசபெத் ராணி அதைத் திறந்துவைத்தார். ஜான்ஸ்டன் அந்த விழாவில் இல்லை. செப்டம்பர் 5-ஆம் தேதியே காலமாகிவிட்டார்.