செருப்பு மாட்ட நாலு நிமிடம்

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், இங்கே இரண்டு வரிசை காலியாகத்தான் இருக்கிறது.

இரண்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிற சொற்கள் இரண்டு. ஒன்று "வேண்டாம்". இன்னொன்று "நானே". இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "பிடிவாதம் தாங்க முடியவில்லை" என்பீர்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

ஆய்வாளர்கள் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு, கண்ணாடி முன் நிறுத்துகிறார்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் தெரியும் பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கும், தொடப் போகும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் ஒரு நாள் அதே குழந்தை கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் மூக்கைத் தடவிப் பார்க்கிறது. அங்கே தெரிவது தான்தான் என்று பிடிபட்டுவிட்டது. "நான்" என்று ஒரு ஆள் இருப்பதே இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. அந்த ஆளால் என்னென்ன முடியும் என்று சோதித்துப் பார்க்காமல் இருக்குமா?

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-ல் வெளியிட்ட நூலில் மனித வாழ்க்கையை 8 பருவங்களாகப் பிரித்தார். அதில் இரண்டாவது இந்த வயதுக்கு உரியது. ஒரு பக்கம் தன்னிச்சை, மறுபக்கம் வெட்கமும் சந்தேகமும். பிடித்துக்கொள்வது, விட்டுவிடுவது என்று தசைகள் பழகும் காலம் இது என்கிறார். கழிப்பறைப் பழக்கம் இந்த வயதில் அத்தனை பெரிய விவகாரமாவதும் இதனால்தான். உடையை நனைத்த குழந்தையை நாலு பேர் முன்னால் வைத்துச் சிரித்தால், அது கற்றுக்கொள்வது கழிப்பறையை அல்ல, வெட்கத்தை.

சரி, விழுந்தால் நம்பிக்கை போய்விடாதா? கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடுவதைப் படம் பிடித்து எண்ணினார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள், 17 முறை விழுதல். நமக்கு அத்தனை முறை விழ நேர்ந்தால் நடப்பதையே விட்டிருப்போம். குழந்தை எழுந்து நடக்கிறது.

ஆனால் கவனித்திருப்பீர்கள், சில சமயம் விழுந்ததும் உடனே அழாது. முதலில் நம் முகத்தைப் பார்க்கும். அழலாமா வேண்டாமா என்று நம்மிடம் கேட்கிற மாதிரி இருக்கும். 1985-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தொட்டது. கெட்டியான கண்ணாடித் தளம். அதன் அடியில் ஒரு பள்ளம் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா. ஒரு வயதுக் குழந்தை விளிம்பில் தயங்கி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்துவிட்டார்கள். பயந்த முகம் காட்டியபோது வேறு 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. அம்மாக்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப்படி பக்கம் குழந்தை போகும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று நாளைக்கு வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒட்டிக்கொள்கிற குழந்தை. "தூக்கித் தூக்கியே கெடுத்துவிட்டாய்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் பார்த்தது வேறு. அம்மாவைத் தன் பாதுகாப்பான தளமாக வைத்துக்கொண்டுதான் குழந்தை வெளியே ஆராயப் போகிறது. கொஞ்ச தூரம் போகும், திரும்பி வந்து முழங்காலைத் தொடும், மறுபடி போகும். அந்த முழங்கால் அங்கேயே இருக்கும் என்று தெரிந்த குழந்தை துணிந்து தள்ளிப் போகிறது.

எல்லாவற்றையும் அதன் இஷ்டத்துக்கு விடச் சொல்கிறேனா? இல்லை. சாலையில் கையைப் பிடித்தே ஆக வேண்டும், அதில் பேச்சே கிடையாது. சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா என்பதை அது சொல்லட்டும்.

இவ்வளவு பேசுகிற நான் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். என் பேத்திக்கு இரண்டேகால் வயது. போன வாரம் கிளம்புகிற அவசரத்தில் "நானே" என்று செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடது செருப்பை வலது காலில் நுழைத்தாள். பட்டையை இழுத்தாள், அது வளையத்தில் நுழையாமல் மடங்கியது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மறுபடி இழுத்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். நாற்பது வரை தாக்குப்பிடித்தேன். அப்புறம் என் கை தானாகப் போய்ப் பட்டையை மாட்டிவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பட்டையைக் கழற்றினாள். செருப்பையும் கழற்றிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.