ஒரே வளாகம், இரண்டு எம்.பி.க்கள்: மாணவர்களின் வாக்கைப் பிளந்த கோடு

விடுதியில் எழுந்து, தெருவைக் கடந்து வகுப்புக்குப் போகிறீர்கள். அதற்குள் உங்கள் எம்.பி. மாறிவிட்டார்! அமெரிக்காவின் வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ நகரில் இது நிஜமாகவே நடந்தது.

(திரையில்: வளாக வரைபடம், நடுவில் சிவப்புக் கோடு)

இது நார்த் கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் மிகப் பெரியது. 2016இல் குடியரசுக் கட்சியின் கையிலிருந்த மாநிலச் சட்டமன்றம் வரைந்த எம்.பி. தொகுதி எல்லைக் கோடு, இதன் நடுவே ஓடும் லாரல் தெரு வழியாகப் போனது. ஒரு பக்கம் 6ஆம் தொகுதி, மறுபக்கம் 13. ஒன்றாக விழுந்திருந்தால் கணக்கில் வந்திருக்கும், ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாயும் மாணவர் வாக்குகள் இரண்டாகப் பிரிந்து, இரண்டு தொகுதிகளிலும் கரைந்தன. இரண்டிலும் ஜெயித்தது குடியரசுக் கட்சிதான்.

இதை யாரும் மறைக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாநிலத்துக்கு அப்போது மொத்தம் 13 எம்.பி. இடங்கள். “அதில் 10 நமக்கு, 3 ஜனநாயகக் கட்சிக்கு என வரைவோம். 11-2 என்று வரைய முடியும் என நான் நினைக்கவில்லை” என்று டேவிட் லூயிஸ் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் சட்டமன்றக் குழுவிலேயே சொன்னார். ஏன் இவ்வளவு வெளிப்படையாக? முந்தைய வரைபடத்தை இனம் பார்த்து வரைந்ததாகச் சொல்லி நீதிமன்றம் தள்ளியிருந்தது. அதனால் இந்த முறை, “நாங்கள் இனம் பார்க்கவில்லை, கட்சிதான் பார்த்தோம்” என்பதே அவர்களின் வாதம். அது பலித்தது! கட்சிக்காகக் கோடு போடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்தது.

சரி, மாநில நீதிமன்றம்? அது அந்த ஆண்டே தலையிட்டது, வளாகம் மறுபடி ஒன்றானது. அடுத்த வரைபடத்தையும் 2022இல் ரத்து செய்தது. உடனே சட்டமன்றத் தலைவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கூட்டாட்சித் தேர்தலை நடத்தும் முறையை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் வகுக்கும் என்கிறது அரசியலமைப்பு. ஆகவே மாநில நீதிமன்றம் எங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்றார்கள். அதுதான் மூர் எதிர் ஹார்ப்பர் வழக்கு. 2023இல், அதே ஜூன் 27 அன்று, 6-3 எனத் தோற்றார்கள். சட்டமன்றமும் மாநில அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டதுதான் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார்.

ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே மாநில உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மை குடியரசுக் கட்சியின் பக்கம் மாறி, அது பழைய தீர்ப்பைத் தானே தூக்கிப் போட்டிருந்தது. சட்டமன்றம் புதிதாக வரைந்தது. மாநிலத்தின் இடங்கள் இதற்குள் 14 ஆகியிருந்தன. 2022இல் நீதிமன்றம் வகுத்த வரைபடத்தில் கட்சிக்கு 7 என இருந்தவை, 2024இல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4 ஆயின.

லூயிஸ் முடியாது என்றாரே, அந்த 11? 2025 அக்டோபரில் அதையும் குறிவைத்து வரைந்துவிட்டார்கள்.