மூன்று சென்டிமீட்டர் ஆன்டெனா

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்கிற சிக்னல்ஸ் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் புதிதாக வந்த பையன்களுக்குப் பாடம் எடுத்தேன். ஊருக்கு வந்தால் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "பையன் பத்தாவதில் படித்த கணக்கு அங்கே ஆகுமா சார்?" என்பதுதான். ஆகும். அந்தக் கணக்கேதான் ஆகும்.

சிக்னல்ஸ் பிரிவு 1911 பிப்ரவரி 15-ல் தொடங்கியது. வீரர்களுக்கு ஜபல்பூரிலும் கோவாவிலும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. மேற்படிப்புக்கு மோவ் நகரில் தனிக் கல்லூரி. அக்னிவீர் தொழில்நுட்பப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்கிறார்கள். ஐடிஐ முடித்தவர்களுக்கும் வழி உண்டு. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும், விட்டுவிடுவோம்.

ஒரு வகுப்பு ஞாபகம் வருகிறது. ரேடியோவில் 4,500 கிலோஹெர்ட்ஸில் பேச வேண்டும், ஆன்டெனாவுக்கு அரை அலைநீளத்தில் கம்பி வெட்டு என்றேன். சூத்திரம் எளிது: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். நன்றாக மார்க் வாங்கிய பையன் ஒருவன் 300-ஐ நேரே 4,500-ஆல் வகுத்து, அதில் பாதி எடுத்து, 0.033 என்று எழுதிக் கொடுத்தான். அதாவது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். "கட்டைவிரல் நீளக் கம்பியை எந்த மரத்தில் கட்டப்போகிறாய் தம்பி?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. 4,500 கிலோஹெர்ட்ஸ் என்பது 4.5 மெகாஹெர்ட்ஸ். சரியான விடை 33 மீட்டர். நடைமுறையில் ஐந்து சதவீதம் போலக் குறைத்து, கிட்டத்தட்ட 32 மீட்டருக்கு வெட்டுவோம்.

கால்குலேட்டர் பிழை செய்யவில்லை. விடையை அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்த வரையில் பையன்கள் சறுக்குவது பெரிய கணக்கில் அல்ல. கிலோவுக்கும் மெகாவுக்கும் நடுவில்தான்.

இதை மேசையில் உட்கார்ந்தும் போட முடியாது. பகலில் எட்டுகிற அலைவரிசை ராத்திரி எட்டாது. பொழுது சாய்ந்ததும் இன்னும் குறைந்த அலைவரிசைக்கு இறங்க வேண்டும். 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் கம்பி 47 மீட்டருக்கு மேல் போகும். விரல் விறைக்கிற குளிரில், டார்ச் வெளிச்சத்தில், மனசுக்குள்ளேயே வகுக்கத் தெரிய வேண்டும்.

அப்புறம் டெசிபல், அதாவது சிக்னலின் சக்தி எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதை லாக் கணக்கில் சொல்கிற அளவு. பள்ளிக்கூடத்தில் லாக் அட்டவணையைப் பார்த்து பயந்தவர்கள் இங்கே அதனோடு சிநேகமாகிவிடுவார்கள். 3 டெசிபல் கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. பெருக்க வேண்டியதை எல்லாம் கூட்டலாக்கிவிடுகிற வித்தை இது. 20 வாட் ரேடியோ செட்டிலிருந்து போகிற கேபிளில் 3 டெசிபல் இழப்பு என்றால், ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 10 வாட்தான். பாதியைக் கேபிளே தின்றுவிடும். இது புரிந்தவன் பெரிய செட் கேட்டு நிற்க மாட்டான், முதலில் கேபிளைப் பார்ப்பான்.

வர்க்கமூலமும் வேண்டும். நேர்க்கோட்டில் போகிற அலை சமதரையில் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பதற்கு, கம்பத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குவோம். 9 மீட்டர் கம்பத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். கம்பத்தை நாலு மடங்கு உயர்த்தி 36 மீட்டர் ஆக்கினாலும் தூரம் இரண்டு மடங்குதான். கம்பத்தைத் தோளில் சுமந்து மலை ஏறியவனுக்கு இந்தக் கணக்கு மறக்கவே மறக்காது!

வீட்டில் பழைய ரேடியோ இருந்தால், இழுப்புக் கம்பியை முழுதாக நீட்டி ஸ்கேலால் அளந்து பாருங்கள். எஃப்.எம். அலைவரிசை 100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். உங்கள் கம்பி அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பையனையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.