பேரம் பேசுகிற அறை

நடுவர் அவர்களே, வணக்கம். 'வணிகப் பேச்சுவார்த்தையின் முடிவைத் தீர்மானிப்பது பேசும் ஆளா, பேசும் இடமா?' என்ற தலைப்பில் இடமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "சரக்கு இருப்பவன் மரத்தடியில் உட்கார்ந்து பேசினாலும் ஜெயிப்பான்" என்றார். பலத்த கைதட்டலும் வாங்கினார். சரி, அந்த ஆளைத் தாழ்வான சோபாவில் உட்கார வைத்துப் பார்ப்போமா?

நான் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் மூன்று பேர், உயரமான நாற்காலிகளில். எனக்கு, உட்கார்ந்ததும் அமுங்கிப் போகிற சோபா. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மேசை எட்டவில்லை, கொட்டேஷன் தாள்கள் மடியிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தன. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், வெயில் நேராக என் கண்ணில். அவர்கள் முகம் எனக்கு வெறும் நிழல்தான். என் முகத்தில் ஓடிய தயக்கம் முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். விலையைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. எழுந்து போனால் போதும் என்றிருந்தது. யாரும் கேட்காமலே நானே விலையைக் குறைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் அலுவலகத்தில் இன்னொருவருடன் அதே பேச்சு. மேசை மூலையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தாளை இருவரும் பார்த்துக்கொண்டே பேசினோம். பேசியது அதே நான்தான், அதே கணக்குதான். விலை அசையவில்லை. அவரும் மனநிறைவோடுதான் கையெழுத்துப் போட்டார்.

தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்று சும்மாவா சொன்னார்கள்? 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பேரம் பேச வந்தவர்களில் ஒரு தரப்புக்கு மட்டும் அறையைத் தங்கள் அலுவலகம்போல அமைத்துக்கொள்ள விட்டார்கள். விருந்தாளியாக வந்தவர்களைவிட அவர்களுக்கே சாதகமான விலை படிந்தது. சற்று முன்பு தயாரான அறையே இவ்வளவு தெம்பு தருகிறது என்றால், பல வருடம் புழங்கிய அறை என்ன செய்யும்!

நாடுகளுக்கு இது நன்றாகவே தெரியும். வியட்நாம் போரை நிறுத்தப் பாரிஸில் கூடியவர்கள், 1968 கடைசியில் மேசையின் வடிவம் பற்றி மட்டும் வாரக்கணக்கில் வாதாடினார்கள். 1969 ஜனவரியில் வட்ட மேசை முடிவான பிறகுதான் முழுப் பேச்சு ஆரம்பமானது. வெளியே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம், திறமை இருந்தால் எதையும் சமாளிக்கலாம் என்றாரே எதிரணி நண்பர். 1951-இல் கொரியப் போர்நிறுத்தப் பேச்சு கேசோங்கில் தொடங்கியது. ஐ.நா. தரப்புத் தலைவர் அட்மிரல் டர்னர் ஜாய்க்குப் போட்டிருந்த நாற்காலி, எதிரே இருந்தவருடையதைவிடத் தாழ்வு. அவர் திறமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமைசாலி அதிலேயே உட்கார்ந்து சமாளிக்கவில்லை நடுவர் அவர்களே, நாற்காலியை மாற்றினார்.