சைலன்சர் மாட்டினால் குண்டு எங்கே போகும்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம்.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லன் பெட்டியைத் திறப்பான், ரைபிள் முனையில் சைலன்சரைத் திருகுவான், அடுத்த நொடி சுடுவான். குறி தப்பாது. ராணுவத்தில் ரைபிள் பிடித்த காலத்திலிருந்தே அந்தக் காட்சி என்னை உறுத்துகிறது. சைலன்சர் மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும். மறுபடி சுட்டுப் பார்த்து, குறியைத் திருத்தாமல் அதை நம்பவே கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சத்தத்தைக் குறைக்கும் இந்தக் கருவியையும் துப்பாக்கியாகவே கணக்கில் வைக்கிறது. பன்றி தோட்டத்தை அழிக்கிறதே என்று யாரும் அதைத் தேடிப் போகவேண்டாம். பின்லாந்து, நியூசிலாந்து வேட்டைக்காரர்களுக்கு அது சாதாரணப் பொருள், நமக்கு அப்படியில்லை.

சரி, இடம் ஏன் மாறுகிறது? தேங்காய் பறிக்கும் தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் கோலைத் தூக்கினால் ஒரு மாதிரி நிற்கும். நுனியில் அரிவாளைக் கட்டியதும் கொஞ்சம் வளையும், ஆட்டமும் மெதுவாகும். ரைபிள் பேரல் எஃகுதான், ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதுவும் அப்படித்தான். சுடும்போது பேரல் அதிர்கிறது. அந்த அதிர்வில் முனை எந்தப் பக்கம் பார்க்கும்போது குண்டு வெளியேறுகிறதோ, அந்தப் பக்கம் போகிறது. முனையில் எடை ஏறினால் அந்தக் கணக்கே வேறு. பெரும்பாலும் குண்டு கீழே இறங்கும், பக்கவாட்டிலும் போகலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சைலன்சர் இல்லாமலே இதைப் பார்க்கலாம். போட்டிக்கான ஏர் ரைபிளில் பேரல் முனையில் சின்ன எடைகளை மாட்டுவார்கள், கை ஆட்டம் அடங்க. எங்களிடம் பயிலும் ஒரு பெண் அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். பத்து மீட்டர் தூரம். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், ஒவ்வொரு வளையத்துக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர். சுடச்சுட எல்லாம் நடுவுக்குக் கீழே. "சார், கண்ணு மங்கிடுச்சு போல" என்றாள். வீட்டில் கண் டாக்டரிடம் கூட்டிப்போக நாள் குறித்துவிட்டார்கள். நான் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எல்லாத் துளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி இருந்தன. கண் கெட்டிருந்தால் துளைகள் சிதறும். இவை சிதறவில்லை, மொத்தமாக இடம்பெயர்ந்திருக்கின்றன. எடையைக் கழற்றச் சொன்னேன். துளைகள் நடுவுக்குத் திரும்பின. மறுபடி மாட்டினாள், மறுபடி கீழே. அப்புறம் குறியை மேலே ஏற்றித் திருத்தினோம், அவ்வளவுதான். டாக்டரிடம் போகவில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: துளைகள் நெருக்கமாக விழுவது வேறு, நடுவில் விழுவது வேறு. நெருக்கமாக விழுந்தால் சுடுபவரும் ரைபிளும் சரி, குறிதான் மாறியிருக்கிறது. நல்ல சைலன்சரும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் நகர்த்தும். அந்த அளவைக் குறித்துவைத்தால் போதும். மாட்டும்போதெல்லாம் அளவு மாறினால், மரை நேராக உட்காரவில்லை, அல்லது இறுக்கம் போதவில்லை. அதோடு சுடுவது ஆபத்து. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தட்டில் குண்டு உரசும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. வெப்பத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். தொடர்ந்து சுட்டால் சைலன்சர் கொதிக்கும், மேலே காற்று அலையும். ரைபிள்மேல் இருக்கும் தொலைநோக்கியில் இலக்கே நெளிவதுபோல் தெரியும். அதனால்தான் சைலன்சர்மேல் துணி உறை போடுகிறார்கள். நன்றி, வணக்கம்.