எண்ணிக்கை சரி, பை காலி

[திரையில்: தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. வெளிர் முடி. முழங்காலுக்குக் கீழே கருநீலத் திட்டுகள்.]

நிறமில்லாத முடி, வெளிறிய தோல், ஓரிடத்தில் நில்லாமல் ஆடும் கண்கள். பிறந்த சில மாதங்களிலேயே மருத்துவர் அல்பினிசம் என்று சொல்லிவிட்டார். தொப்பியும் கண்ணாடியுமாக வளர்க்கப் பெற்றோரும் பழகிவிட்டார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியதும் வேறொரு கவலை வருகிறது. விழாத இடம்கூடக் கன்றிப் போகிறது. மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் லேசில் நிற்பதில்லை.

பரிசோதித்தால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. டெங்கு வந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அந்த எண் எவ்வளவு நிம்மதி தரும் என்று. இந்தக் குழந்தையிடம் அந்த எண் ஏமாற்றுகிறது.

[திரையில்: குடலின் உட்சுவர். அதையொட்டி ஓடும் ரத்தக் குழாய்.]

ஏன் என்று அறியக் குடலுக்குப் போக வேண்டும். செரோடோனின் என்ற வேதிப்பொருளைச் சொன்னாலே மூளை, மனநிலை என்று பேசுகிறோம். உண்மையில் உடலின் செரோடோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அதன் பெயரிலும் மூளை இல்லை. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட்டும் அவரது சகாக்களும் ரத்தச் சீரத்திலிருந்து, ரத்தக் குழாயை இறுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சீரத்திலிருந்து 'செரோ', குழாயின் இறுக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'டோனின்'.

பிளேட்லெட்டுகளுக்குச் செரோடோனினைத் தயாரிக்கத் தெரியாது. குடல் ரத்தத்தில் விடுவதை உறிஞ்சி, தமக்குள் இருக்கும் குட்டிப் பைகளில் அடைத்து வைத்துக்கொள்கின்றன. அடர்மணிகள் என்று அவற்றைச் சொல்லலாம். காயம் பட்டதும் பை பிரிகிறது. செரோடோனின் குழாயை இறுக்குகிறது. உடன் வெளிவரும் ஏ.டி.பி. என்ற வேதிப்பொருள் மற்ற பிளேட்லெட்டுகளை அழைத்து ஒட்டவைக்கிறது.

[திரையில்: ஒரு பட்டறை. ஒரு வாசலில் கறுப்புப் பைகள், மறு வாசலில் வெள்ளைப் பைகள்.]

தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இப்படி ஒரு பையில்தான் உருவாகிறது. இரண்டு பைகளும் ஒரே குடும்பம். அவற்றைக் கட்ட உயிரணு பயன்படுத்தும் கருவிகளும் பெரும்பாலும் ஒன்றே. அந்தக் கருவிக்கான மரபணு பழுதானால் நிறமும் போகிறது, பிளேட்லெட்டின் பையும் போகிறது. 1959இல் பிராகு நகர மருத்துவர்கள் ஹெர்மான்ஸ்கியும் புட்லாக்கும், உறவில்லாத இரு நோயாளிகளிடம் அல்பினிசத்தையும் ரத்தக்கசிவையும் ஒருசேரக் கண்டு எழுதினார்கள். இன்றும் இது ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோய்க்குறி என்று அவர்கள் பெயரால் வழங்குகிறது. உலகில் மிக அரிது. ஆனால் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் வடமேற்கில் ஏறத்தாழ 1,800 பேரில் ஒருவருக்கு உண்டு.

ரத்தம் நிற்காததற்குப் பழி முழுவதையும் செரோடோனின் மேல் போடக் கூடாது. ஏ.டி.பி. இல்லாததுதான் பெரிய இழப்பு. குடல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, வாங்கிவைக்கத்தான் பாத்திரமில்லை.

அல்பினிசம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் கோளாறு இருக்கும் என்று பயப்பட வேண்டாம். பலருக்குப் பை நன்றாகவே இருக்கும். மெலனின் தயாரிப்பில்தான் குறை. அவர்களுடைய பிளேட்லெட்டுகளுக்கு ஒன்றும் இல்லை.

[திரையில்: எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் இரண்டு. முதலாவதில் கரும்புள்ளிகள். இரண்டாவதில் வெறுமை.]

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாது. பிளேட்லெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அடர்மணிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இந்தக் குழந்தையிடம் அவை இருக்காது. மரபணுப் பரிசோதனை எந்த வகை என்று சொல்லும். அது முக்கியம், ஏனெனில் சில வகைகளில் நடுவயதை ஒட்டி நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிறது.

வீட்டில் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைத் தொட வேண்டாம். பல் பிடுங்கும் முன்பும், சுன்னத்து உட்பட எந்த அறுவைக்கு முன்பும், குழந்தைக்கு ரத்தம் எளிதில் நிற்காது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டிரானெக்சாமிக் அமிலம், டெஸ்மோபிரெசின், தேவைப்பட்டால் பிளேட்லெட் ஏற்றுவது என்று அவரிடம் வழிகள் உண்டு. "எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது" என்று அவர் கேட்டால், அடர்மணிகளைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.