புது மாடி வீடும் முதல் மாரியும்

நேயர்களுக்கு வணக்கம். மாற்றலாகித் திருகோணமலைக்கு வருகிறவர்கள் வாடகைக்கு வீடு தேடும்போது, புதிதாகக் கட்டிய தொடர்மாடி என்றால் உடனே மனம் சாய்ந்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். பழைய வீடு பல மாரி கண்டது. அது எங்கே ஒழுகும் என்று பக்கத்து வீட்டாருக்கே தெரியும். புது வீட்டைச் சோதிக்கிற முதல் ஆள் நீங்கள்தான், அதுவும் வாடகை கொடுத்து.

கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். நமக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. கடலிலிருந்து சரிவாக வந்து சுவரில் அறையும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே வடக்கு, கிழக்குச் சுவர்களை முதலில் பாருங்கள். யன்னலுக்குக் கீழே பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா? வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறதா? சுவருக்குள் ஊறிய தண்ணீர் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி, உப்பை விட்டுப் போகிறது. அதற்கு மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் சில மாதம் மறையும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வாளி தண்ணீர் கேளுங்கள். பால்கனியில் ஊற்றுங்கள். குழாய் வாயை நோக்கி ஓடினால் சரி. மண்டபத்துக் கதவடிக்கு வந்து தேங்கினால் மாபிள் பதித்தவர் வாட்டம் பார்க்கவில்லை என்று அர்த்தம். குளியலறையிலும் இதையே செய்யுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கட்டடத்துக்கு உள்ளூராட்சிச் சபையின் இணக்கச் சான்றிதழ், அதாவது அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்ற சான்று, கிடைத்துவிட்டதா என்றும் கேட்க வேண்டும்.

கரண்ட் பில்லில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மின்மானி வந்திருக்காது. "இப்போதைக்குப் பங்கு போடுவோம்" என்பார்கள். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட, அலகொன்றின் விலையும் படிப்படியாக ஏறும். மூன்று குடும்பம் ஒரே மானியில் ஓடினால், இரண்டு மின்விளக்கும் ஒரு மின்விசிறியும் போடுகிற வீடும் மேல்படி விலைக்குத்தான் பங்கு கட்டும். தனி மானி வரும்வரை, உங்கள் வீட்டுப் பாவனையை மட்டும் காட்டுகிற உபமானியாவது பூட்டித் தரச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தை வாய்ச்சொல்லில் விடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்ல வேண்டுமானால், இரண்டு சாட்சிகளோடு நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும். "நாங்கள் சொந்தபந்தம் மாதிரித்தானே தம்பி" என்று சிரித்துக்கொண்டே கடைக் கடதாசியை நீட்டுவார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே நொத்தாரிசிடம் கூட்டிப்போங்கள். அங்கே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: முதல் மாரியில் ஒழுக்கோ வெடிப்போ வந்தால் இத்தனை நாளுக்குள் வீட்டுக்காரர் திருத்த வேண்டும், தவறினால் திருத்திய செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று. வணக்கம்.